தண்ணீர்ச் சத்தம் கேட்ட தூரத்தில்

எங்கள் ஊரில் உயரமானவை என்று சொல்ல மூன்றுதான் உண்டு. தென்னை மரம், பள்ளிவாசல் மினாரா, கரையோரம் நிற்கும் காற்றாலை. மூன்றிலும் நான் ஏறியதில்லை. மினாராவில் ஒருமுறை ஒலிபெருக்கி வயர் பூட்ட ஏறினேன் என்று ஊருக்குள் சொல்லிக்கொள்வேன். ஏழாவது படியில் உட்கார்ந்துகொண்டு, மேலே போனவருக்கு வயரை நீட்டிக் கொடுத்ததுதான் நடந்தது. மற்றபடி கல்பிட்டிப் பக்கம் பூராவும் சோற்றுத் தட்டு மாதிரிச் சமன். எத்தாளையில் என் கடை வாசலில் ஒரு போளையை, கோலிக்குண்டை, வைத்தால் அது உருளாமல் வைத்த இடத்திலேயே கிடக்கும். இப்படியான இடத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, தான் உயரத்துக்குப் பயந்தவன் என்பது எப்படித் தெரியவரும்? எனக்கு நாற்பத்தாறு வயதில் தெரியவந்தது. அதுவும் ஒரு மலை முதுகில், குடும்பத்தின் முன்னால்.

நான் தண்ணீர் மோட்டார் திருத்துகிறவன். எங்கள் மணல் காணிகளில் வெங்காயமும் மிளகாயும் பச்சையாக நிற்பது கிணற்றுத் தண்ணீரால். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவரும் மோட்டார் நின்றால் என் கடைக்கு ஆள் வரும். திருத்துவதைவிட அதிகம் கதைப்பேன். ஆட்கள் பழுதான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவதே என் பகிடியைக் கேட்டுச் சிரிக்கத்தான் என்று ஒரு நினைப்பு எனக்கு. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வேறு மாதிரிச் சொல்வான்: "மச்சான்ட பகிடிய நிப்பாட்ட வழியில்லாமத்தான் ஆக்கள் கடையில வச்சே மோட்டர ஓட்டிப் பாக்குறாங்க."

மனைவி கனமூலைக்காரி. அவளுடைய வாப்பாவுக்கு அங்கே ஒரு மிளகாய்த் தோட்டம் இருந்தது, மோட்டார் இருக்கவில்லை. பாடசாலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் இவள்தான் கிணற்றில் இறைத்து, இரண்டு கையிலும் வாளியோடு பாத்தி பாத்தியாக நடந்திருக்கிறாள். கலியாணம் முடித்த புதிதில் அவளுடைய உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, "இது என்ட கையவிடக் கரடா இரிக்கே, மோட்டர் திருத்துறது நீயா நானா?" என்று கேட்டேன். அப்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். அவள் என்னிடம் கேட்ட முதல் ஆசையும், பிறகு பார்த்தால், கடைசி ஆசையும் அதுதான்.

"யாரும் இறைக்காமத் தண்ணி தன்ட பாட்டுல விழுமாமே. அத ஒருக்காக் கிட்டப் போய்ப் பாக்கணும். கால நனைக்கணும்."

"அதுக்கென்ன, அடுத்த மாசம்," என்றேன். அடுத்த மாதம் வர இருபத்திரண்டு வருடம் பிடித்தது.

மச்சான்தான் கடைசியில் ஒழுங்கு செய்தான். மாத்தளைக்கு அப்பால் ஒரு மலைக் கிராமம். அங்கிருந்து மலை முதுகு வழியாக இரண்டு மணித்தியாலம் நடந்தால் ஒரு நீர்வீழ்ச்சி. அதன் கீழே படிப்படியாகக் கல் தடாகங்கள். மச்சான், அவன் மனைவி, எங்கள் மகள், நாங்கள் இரண்டு பேர். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வேனில் ஏறினோம். பாலாவி தாண்டி, நிக்கவெரட்டிய தாண்டி, குருநாகலில் பாணும் பருப்பும் சாப்பிட்டோம். வழியெல்லாம் நான் பகிடி விட்டேன். மனைவி சிரிக்கவில்லை. அவள் யன்னலோரம் இருந்து மலை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு வந்தாள். நடப்பதற்கென்று புதிதாகச் சப்பாத்து வாங்கியிருந்தாள். வெள்ளைச் சப்பாத்து, நீலக் கோடு போட்டது. மடியில் வைத்திருந்தாள், வேனுக்குள் போட்டால் அழுக்காகிவிடுமாம்.

கிராமத்தில் ஒரு சிங்கள ஆள் வழிகாட்டியாக வந்தார். என் வயது இருக்கும். காலில் றப்பர் செருப்பு, கையில் உப்புக் கட்டிய சீலை முடிச்சு. அட்டை கடித்தால் அதைத் தொட்டு வைக்க வேண்டும் என்றார். "அது எங்கட புத்தளத்து உப்பு, மாத்தயா, அட்டைக்கு எங்கட மணம் பழக்கம்," என்று, ஐயா என்பதற்கு மாத்தயா போட்டு, சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல தொடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் காடு. இரண்டு பக்கமும் மரம் நின்றதால் உயரம் தெரியவில்லை. நானே முன்னால் நடந்தேன். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "ஏலுமா?" என்று கேட்டபடி போனேன். அவள் ஒருமுறைகூட நிற்கவில்லை. பாத்தியில் வாளி தூக்கி நடந்த கால் அல்லவா? மூச்சு கொஞ்சம் வாங்கியது. எல்லோருக்கும்தான் வாங்கியது.

பிறகு காடு முடிந்தது.

முடிந்த இடத்தில் மலையின் முதுகு மட்டும் எங்களுக்கு முன்னால் நீண்டு கிடந்தது. தொழுகை விரிப்பான முஸல்லா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவுதான் பாதை. இரண்டு பக்கமும் புல் சரிந்து போய், போன இடத்தில் காணாமல் போனது. கீழே வயல்கள் முத்திரை அளவில் தெரிந்தன. ஒரு பருந்து பறந்தது. அது எங்களுக்குக் கீழே பறந்தது. பருந்தின் முதுகை நான் வாழ்க்கையில் முதல்தரம் பார்த்தேன். பார்க்காமலே மௌத்தாகியிருக்கலாம்.

எனக்குப் பயம் வந்தால் கால் நின்றுவிடும், வாய் ஓடத் தொடங்கும். "இந்தப் பாதைய அகலமாக்க ஒரு மனுக் குடுக்கணும்," என்றேன். "இந்தப் பருந்து லைசென்ஸ் இல்லாமப் பறக்குது," என்றேன். "மாத்தயா, இதுல யாரும் எதிர்ல வந்தா யாரு ரிவர்ஸ் எடுக்கிற?" என்றேன். வழிகாட்டி என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பய வென்ட எப்பா," என்றார், பயப்படாதே என்று. அவர் ஒருவருக்குத்தான் விளங்கியது. அதை அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னதற்காக இன்றைக்கும் அவருக்காக துஆச் செய்கிறேன்.

இருபது அடி நடந்திருப்பேன். முழங்கால் இரண்டும் என்னிடம் கேளாமல் வேறு வேறு பக்கம் போகப் பார்த்தன. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பெரிய மோட்டார், நிறுத்தாமல், ஒரே சீராக ஓடுவது போல. என் தொழில் காது முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. பிறகுதான் அது தண்ணீர் என்று விளங்கியது.

மனைவி நின்றாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"இஞ்சப் பாருங்களே," என்றாள். "கேக்குதா?"

வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார். மலை முதுகு வளையும் இடம், அதற்கு அப்பால் ஒரு சிறு இறக்கம். "தவ டிக்கய்," என்றார், இன்னும் கொஞ்சம்தான் என்று. "பத்து நிமிடம்."

அந்தப் பத்து நிமிடத்தை நான் பார்த்தேன். வளைவில் பாதை ஒரு முஸல்லா அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. போனால் நடுவில் நான் நாலு காலில் தவழ வேண்டிவரும், மச்சான் அதைப் போனில் பிடிப்பான், எத்தாளையிலிருந்து கட்டார் வரைக்கும் எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் விழுந்து சாவதைவிட அந்த வீடியோவுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

"லுஹருக்கு நேரமாச்சு," என்றேன், மதியத் தொழுகையைச் சொல்லி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வக்தோடு தொழுவதில் நான் ஊரில் பேர் வாங்கிய ஆள் இல்லை.

"அங்க போய்த் தொழுவமே மச்சான். தண்ணி இரிக்கி, வுழு எடுக்கலாம்," என்றான் மச்சான்.

"நேரத்தோட தொழுறது நல்லம். தயம்மும் செய்றன்."

தயம்மும் என்பது தண்ணீரால் கழுவும் வுழுவுக்குப் பதிலாக, தண்ணீர் கிடைக்காத இடத்தில் சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கொள்வது. தண்ணீர் கிடைக்காத இடத்தில். எங்கள் காதுக்குள் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. குர்ஆன் மத்ரஸாவில் முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்கும் இது கூடாது என்று தெரியும். மகள் வாயைத் திறந்தாள். மனைவி அவளுடைய கையைப் பிடித்தாள். தொழப் போகிறவரைத் தடுக்கக் கூடாது என்பது அவளுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள்தான் நான் ஒளிந்துகொண்டேன். தொழுகையில் நிற்பவனை யாரும் கூப்பிட மாட்டார்கள், தள்ள மாட்டார்கள், கேலி செய்யவும் மாட்டார்கள். உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு விசயத்தை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் தொழும் திசையான கிப்லாவுக்குத் திசைகாட்டி தேவையில்லை, கடலைப் பார்த்து நின்றால் போதும். இங்கே கடல் இல்லை. மேற்கு எது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் நேராகப் பள்ளத்தைக் காட்டினார்.

ஒளிய வந்த இடத்தில் அதலபாதாளத்தை நேருக்கு நேர் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. நிற்கவா? எனக்கு ஏலவில்லை. நோயாளி மாதிரி உட்கார்ந்து தக்பீர் கட்டினேன். கண்ணை இறுக மூடினேன். ருகூவுக்குக் குனிந்தால் பள்ளம் இழுக்கிறது. ஸுஜூதில் நெற்றி மண்ணில் பட்டதும் அப்பாடா என்று இருந்தது, எழும்ப மனமே வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட ஸுஜூது செய்ததில்லை. பார்த்தவர்கள் பயபக்தி என்று நினைத்திருப்பார்கள். பயம் இருந்தது.

பயணத்தில் லுஹரின் நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதால் போதும். நான் நாலு தொழுதேன். பிறகு ஸுன்னத்துத் தொழுதேன். பிறகும் எதையோ தொழுதேன், அதற்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியாது.

முடிந்து திரும்பியபோது மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றான்.

"என்ன மச்சான், நாங்க நோன்பு ராவுத் தராவீஹுக்கா வந்த? அதுவும் இரிந்துகிட்டு? கால் நடுங்குதா?"

அந்த இடத்தில் "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். மனைவி தம்பியோடும் மகளோடும் போய்க் காலை நனைத்திருப்பாள். நான் அந்தப் புல்லில் குந்திக்கொண்டு அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

நான் சொன்னது இது, எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா:

"எனக்கென்ன? உன்ட தாத்தாவப் பாரு. அவக்கு ஏலாது. அப்பயே நெஞ்சுல கைய வச்சா, நான் கண்டன். அதுக்குத்தான் நேரம் எடுத்துத் தொழுதன், அவ கொஞ்சம் ஆறட்டும் எண்டு."

சொன்னவுடன் எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பொய் எவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்தது என்று. மச்சானின் சிரிப்பு நின்றது. அவர்களுடைய உம்மா நெஞ்சு நோயில்தான் போனவர். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் கணத்தில் அதை நினைத்துச் சொன்னேனா, நினைக்காமல் சொன்னேனா என்று பிறகு எத்தனையோ தரம் என்னை நானே விசாரித்திருக்கிறேன். தீர்ப்பு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி வரும்.

"எனக்கா?" என்றாள் மனைவி.

"ஓம். முகமெல்லாம் வெளிறிப் போச்சு."

"எனக்கு ஒண்டும் செய்யல்லியே."

"அப்பிடித்தான் இரிக்கும் தாத்தா," என்றான் மச்சான், குரல் மாறி. "உம்மாவும் அப்பிடித்தானே சொன்ன."

"உம்மா, வேணாம் உம்மா. திரும்புங்க," என்றாள் மகள்.

மனைவி எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவன் சொல்கிறான், பொய்யாகவா சொல்வான்? அவளுடைய கை தானாகவே மறுபடி நெஞ்சுக்குப் போனது. முதல்தரம் அந்தக் கை அங்கே போனது வேறு காரணத்துக்கு. தண்ணீர்ச் சத்தம் கேட்ட சந்தோசத்துக்கு. அது எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் தரம் நோய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கப் போனது.

"நீங்க போய்ட்டு வாங்க," என்றாள் மற்றவர்களிடம். "என்னால உங்கட பயணமும் கெட வேணாம்."

அவர்கள் போனார்கள். நாங்கள் திரும்பினோம். அந்த இருபது அடியை நான் எப்படிக் கடந்தேன் என்றால், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. பின்னாலிருந்து பார்த்தால் நோயாளி மனைவியைத் தாங்கிப் போகும் கணவன். உண்மையில் என் பாரம் முழுக்க அவள்மேல் இருந்தது. அவள் தன் கையை என் கைமேல் வைத்தாள்.

"பயப்படாதீங்க," என்றாள். "எனக்கு ஒண்டும் ஆகாது."

காட்டு ஓரத்தில் ஒரு கல்லில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம். அங்கேயும் சத்தம் லேசாகக் கேட்டது. அவள் சப்பாத்தைக் கழற்றி, அதிலிருந்த மண்ணைத் தட்டி, மறுபடி போட்டாள். நான் பகிடி ஒன்றும் விடவில்லை. நான் கவலையில் இருக்கிறேன் என்று அவள் நினைத்தாள்.

மற்றவர்கள் தலை நனைந்து வந்தார்கள். தடாகம் ஒன்றின் கீழ் ஒன்றாகப் படி மாதிரி இருந்ததாம். ஒவ்வொன்றும் ஒரு கிணற்றடித் தொட்டி அளவு. மேல் தொட்டி நிரம்பிக் கீழ்த் தொட்டியில் வழியுமாம். மகள் போனில் எடுத்த படங்களை நீட்டினாள். மனைவி வாங்கவில்லை. "பாத்தா ஆச வரும்," என்றாள். மகள் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். மனைவி அதில் கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியில் வுழு எடுத்து லுஹர் தொழுதாள். ஒரு போத்தல் தண்ணீரில் முகம், கை, தலை எல்லாம் முடித்து, கடைசியில் காலுக்குச் சில துளிகள்தான் மிஞ்சின. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன். கடையில் வைத்துச் சொல்லியிருப்பேன், நல்ல பகிடியாகியிருக்கும்.

அடுத்த வாரம் மச்சான் அவளைப் புத்தளத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். நெஞ்சில் வயர்களை ஒட்டிக் கோடு எடுத்தார்கள். கோடு நன்றாக இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள்: "அவருக்குக் கோட்டுல காட்டல்ல. உங்களுக்கு முகத்துல தெரிஞ்சிச்சு. நான் கவனமா இரிக்கணும்."

கவனமாக இருக்கத் தொடங்கினாள். வாளி தூக்குவதை விட்டாள். பிறகு சந்தைக்கு நடந்து போவதை விட்டாள். மகள் கலியாணம் முடித்து மாடி வீட்டுக்குப் போனபோது, இவள் கீழேயே கதிரை போட்டு இருந்துவிட்டு வந்தாள். ஆலங்குடாக் கடற்கரைக்கு எல்லோரும் போனால் வேனிலேயே இருப்பாள். "நான் வந்தா உங்களுக்கெல்லாம் கரச்சல்." மச்சான் குடும்பம் மக்காவுக்கு உம்றாச் செய்யப் போனபோது அவளையும் கூப்பிட்டார்கள். அங்கே ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஏழு தரம் நடக்க வேண்டும். "எனக்கு ஏலாது தம்பி. மலையில கண்டதானே," என்றாள். தள்ளுவண்டி இருக்கிறது என்று மச்சான் சொன்னான். நடந்து செய்ய ஏலாதவள் எதற்கு என்று மறுத்துவிட்டாள். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், ஒரு பகிடிதான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

நடக்காமல் இருந்து இருந்து உடம்பு பாரித்தது. பாரம் முழங்காலில் இறங்கியது. இப்போது முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொல்கிறார், இந்தத் தரம் படத்தில் காட்டி. கதிரையில் இருந்துதான் தொழுகிறாள். வுழு எடுக்கக் குனிய ஏலாது என்பதால், வீட்டின் பின்பக்கம் ஒரு சீமெந்துக் கட்டும், அதில் இருந்தபடி காலை நீட்டினால் பாதத்தில் விழுகிற மாதிரி ஒரு பைப்பும் பூட்டிக் கொடுத்தேன். தொழில் தெரிந்த புருசன் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

போன மாதம் மகள் போன் எடுத்தாள். அதே மலைக்குத் திரும்பப் போகிறார்களாம், வாப்பாவும் உம்மாவும் கிராமம் வரைக்குமாவது வந்து இருங்கள் என்றாள். போன் சத்தமாகத்தான் இருந்தது, நான் கடைக்குப் போகச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். மனைவி சொன்னாள்:

"நான் வரல்ல மகள். நீ வாப்பாவக் கூட்டிட்டுப் போ. பாவம், அண்டைக்கும் என்னாலதானே அவருக்கு அதப் பாக்கக் கிடைக்கல்ல. ஏழு வருசமா எனக்கு அது மனசுல கிடக்கு."

சேட்டில் இரண்டு பொத்தான் போட்டிருந்தேன். மூன்றாவதைப் போட ஏலவில்லை. அவள் போனை வைத்ததும் அவளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மலையில் வந்த அதே நடுக்கம், இந்தத் தரம் சீமெந்துத் தரையில், விழ ஓர் அங்குலமும் இல்லாத இடத்தில்.

"அண்டைக்கு உனக்கு ஒண்டும் இல்ல," என்றேன். "எனக்குத்தான் பயம். பாதையப் பாத்து. தயம்மும், தொழுகை எல்லாம் அதுக்குத்தான். உன்ட தம்பி சிரிப்பான் எண்டு உன்மேல போட்டன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள், வழக்கம் போல. என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்ப அண்டைக்கு எனக்கு ஏலுமாத்தான் இரிந்திச்சா?"

"ஓம்."

"எவ்வளவு தூரம் சொன்னார் அந்த மாத்தயா?"

"பத்து நிமிசம்."

"பத்து நிமிசம்," என்றாள். தன் முழங்கால் இரண்டையும் கையால் தடவினாள். "இப்பதான் நீங்க சொன்னது உண்மையாப் போயிருக்கு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தம்பிக்கு எடுங்க. அவனுக்குச் சொல்லுங்க. எனக்குக் கேக்கச் சொல்லுங்க."

மச்சானுக்கு எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். முழுக்கச் சொன்னேன், தவழப் பயந்தது, வீடியோவுக்குப் பயந்தது, உம்மாவின் நோயைப் பிடித்துக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. கேட்டு முடித்துவிட்டு மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், இது உங்கட கதையிலேயே நல்ல கதை. பருந்துக்கு லைசென்ஸ் இல்ல எண்டதும் எனக்கு ஞாபகம் வந்திச்சு."

"டேய், பகிடி இல்லடா. அல்லாஹ்மேல ஆணை, நடந்தது இதுதான்."

அவன் சிரிப்பு நின்றது. குரல் இரக்கமாக மாறியது. "விளங்குது மச்சான். தாத்தா பக்கத்துல இரிக்கியா? அவ மனசு ஆறட்டும் எண்டு உங்கமேல போட்டுக்கிறீங்க. நல்ல மனுசன் நீங்க. நான் அண்டைக்குக் கண்ணால கண்டதானே தாத்தாட முகத்த."

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "தம்பி," என்றாள், "எனக்கு ஏலுமாத்தான் இரிந்திச்சு."

"ஓம் தாத்தா, ஓம் ஓம்," என்றான் அவன், காய்ச்சல்காரருக்குச் சொல்வது போல.

முப்பது வருடம் நான் பகிடி விட்டுச் சம்பாதித்தது என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நம்ப ஊரில் ஒருவர் இல்லை. பொய்யைச் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். மகளுக்கும் எடுத்தேன். "வாப்பா, உம்மாவோட சண்டையா?" என்று கேட்டாள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுதினால் என் முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் சிரிக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கதிரையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சப்பாத்தில் நீலக் கோடு இல்லை, பச்சைக் கோடு என்றாள். அலுமாரிக்குள் இருக்கிறதாம், வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள் என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்:

"அந்த லுஹரத் திரும்பத் தொழுது கழாச் செய்ஞ்சீங்களா?"

"எந்த லுஹர்?"

"மலையில தொழுதது. தண்ணி சத்தம் கேக்கக் கேக்கத் தயம்மும் செய்ஞ்சது. அது கூடல்லதானே. ஏழு வருசமா உங்கட கழுத்துல கிடக்கு."

இல்லை என்றேன். அவள் பின்பக்கத்தைக் காட்டினாள். எழும்பிப் போய், அவளுக்காக நான் பூட்டிய பைப்பில் வுழு எடுத்தேன். வந்து முஸல்லாவை விரித்தேன். மேற்கே யன்னல், யன்னலுக்கு அப்பால் தென்னைகள், அதற்கும் அப்பால் கடல். இரண்டு ரக்அத்து நிய்யத்து வைக்கப் போனேன்.

"ரெண்டில்ல," என்றாள் பின்னாலிருந்து. "பயணத்துலதான் ரெண்டு. வீட்டுல செய்ஞ்சா நாலு. நிண்டு தொழுங்க."

நின்று நாலும் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது கதிரை காலியாக இருந்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் மூடாமல் வந்த பைப்பை மூட, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள்.